எம்.எல்.ஏ மாறினா வீடு மாறுவீங்களா?

இந்த வருஷம் சட்டமன்றத் தேர்தல். அதனால உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. உங்க தொகுதியில உங்களுக்குச் சுத்தமா பிடிக்காத கட்சி ஜெயிச்சிடுச்சுனு வைங்க. வீட்டைக் காலி பண்ணிட்டு, பிடிச்ச கட்சி ஜெயிச்ச பக்கத்துத் தொகுதிக்குக் குடி போவீங்களா?

சிரிக்கிறீங்கல்ல? ஆனா அமெரிக்காவுல இது ஆராய்ச்சி பண்ற விஷயம். 2008ல பில் பிஷப் என்ற பத்திரிகையாளர் 'தி பிக் சார்ட்'னு ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்கர்கள் தங்களை மாதிரியே வாழுற, தங்களை மாதிரியே ஓட்டு போடுற ஆட்கள் இருக்கிற இடமா பார்த்து, கொஞ்சம் கொஞ்சமா குடியேறிட்டு இருக்காங்க என்பது அவருடைய வாதம். அது எந்த அளவுக்கு உண்மைனு அங்க ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிட்டு இருக்காங்க.

அதே கேள்வியை நம்ம பக்கம் திருப்பிப் பார்க்கலாம். என் ஊர் ராஜபாளையம். பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். நடுவுல சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்க பால்கோவா, இங்க பஞ்சாலை. அங்க ஆண்டாள் கோயில், இங்க நாய். (எங்க ஊர் பேரைச் சொன்னா ஹாஸ்டல்ல எல்லாரும் முதல்ல கேக்கிறது நாயைப் பத்திதான். பழகிருச்சு.) அரசியல் மாறினா மக்கள் ஊர் மாறுறாங்களானு சோதிச்சுப் பார்க்க இந்த ரெண்டு ஊரை விடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஏன்னு சொல்றேன்.

ஒரே ரோடு, ரெண்டு கட்சி

2016 தேர்தல்ல ராஜபாளையத்துல ஜெயிச்சது தி.மு.க.வின் தங்கபாண்டியன். அதே தேர்தல்ல ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஜெயிச்சது அ.தி.மு.க.வின் சந்திரபிரபா. 2021ல ராஜபாளையத்துல மறுபடி தங்கபாண்டியன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல மறுபடி அ.தி.மு.க., இந்த முறை மான்ராஜ். அதுக்கு முன்னாடி 2006, 2011 ரெண்டு தேர்தல்லயும் ஸ்ரீவில்லிபுத்தூர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியைத் தேர்ந்தெடுத்தது. 2011ல ராஜபாளையம் அ.தி.மு.க. பக்கம் நின்னுச்சு.

இப்ப கணக்குப் போடுங்க. 2016ல ஆட்சி அ.தி.மு.க. கையில. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ இருக்கிற ஊர்ல இருந்தாதான் காரியம் ஆகும்னு நினைக்கிற ஒருத்தர், ராஜபாளையத்துல இருந்து வில்லிபுத்தூருக்குப் போயிருக்கணும். 2021ல ஆட்சி தி.மு.க.வுக்கு மாறினதும் சாமான் செட்டைக் கட்டிக்கிட்டுத் திரும்பி வந்திருக்கணும். டவுன் பஸ் ஓடுற தூரம்தான், பெரிய செலவும் இல்ல.

அப்படிச் செஞ்ச ஒரே ஒரு குடும்பத்தை எனக்குக் காட்டுங்க. இந்த ரெண்டு ஊருக்கு நடுவுல ஆட்கள் குடி மாறத்தான் செய்றாங்க. கல்யாணம் ஆகி மாறுவாங்க, பிள்ளைங்க ஸ்கூலுக்காக மாறுவாங்க, கோர்ட்டு வேலைக்காக மாறுவாங்க. வாடகை வீடு பார்க்கப் போனா தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும், பைக் நிறுத்த இடம் இருக்கா, அட்வான்ஸ் எவ்வளவு, இதைத்தான் கேப்பாங்க. "இந்தத் தெரு எந்தக் கட்சி?"னு கேட்டு வீடு பிடிச்ச ஆளை நான் பார்த்ததில்ல.

தேர்தலுக்காக இடம் மாறுறது அரசியல்வாதிங்கதான். சிவகாசியில 2011, 2016ல ஜெயிச்ச ராஜேந்திர பாலாஜி, அமைச்சரா இருக்கும்போதே 2021ல ராஜபாளையத்துக்கு வந்து நின்னார், தோத்தார். காமராஜர் 1952ல ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்துதான் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1954ல முதலமைச்சர் ஆனதும் சட்டமன்றத்துக்கு நின்னது குடியாத்தத்துல. அப்புறம் சாத்தூர், அப்புறம் விருதுநகர், அங்க தோத்ததும் 1969ல நாகர்கோவில். எங்க ஊர்க்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949ல இருந்து 1952 வரைக்கும் சென்னை மாகாணத்தின் முதல்வர். 1952 தேர்தல்ல தோத்தார். ரெண்டு வருஷத்துல ஒரிசாவுக்கு ஆளுநரா போனார். தேர்தல் முடிவால உண்மையிலேயே ஊர் மாறினவர்னா அவரைத்தான் சொல்லணும்!

நாம நகரல, கோடு நகர்ந்துச்சு

எங்க அம்மாச்சி கல்யாணமாகி வந்த வீட்டுலதான் இன்னமும் இருக்காங்க. அவங்க வந்தப்போ அந்த வீடு இராமநாதபுரம் மாவட்டம். 1985ல மாவட்டத்தைப் பிரிச்சாங்க, காமராஜர் மாவட்டம் ஆச்சு. 1997ல விருதுநகர் மாவட்டம் ஆச்சு. அடுப்பு இருந்த இடத்துலயே இருக்கு, முகவரி மட்டும் மூணாவது.

நாடாளுமன்றத் தொகுதி இன்னும் வேடிக்கை. ரொம்ப காலம் நாங்க சிவகாசி தொகுதி. வைகோ 1998லயும் 1999லயும் ஜெயிச்சாரே, அதே தொகுதி. 2008 தொகுதி மறுசீரமைப்புல சிவகாசி நாடாளுமன்றத் தொகுதியே இல்லாம போச்சு. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசியில சேர்ந்துச்சு. 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆச்சு. ஆக, எங்களுக்குக் கலெக்டர் விருதுநகர்ல, மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல, எம்.பி தென்காசிக்கு. ஒரு மனு எழுதணும்னா யாருக்கு எழுதுறதுன்னே தனியா ஒரு பேப்பர் வைக்கலாம்.

அதே மறுசீரமைப்புல இன்னொன்னும் நடந்துச்சு. 2006 வரைக்கும் ராஜபாளையம் தனித்தொகுதி. 2011ல இருந்து ராஜபாளையம் பொது, ஸ்ரீவில்லிபுத்தூர் தனி. யார் வேட்பாளரா நிக்க முடியும்ங்கிறதே ரெண்டு ஊர்லயும் ஒரே நாள்ல தலைகீழா மாறிடுச்சு. டீக்கடையில பேச்சு இருந்திருக்கும், கோபம் இருந்திருக்கும். வீடு காலியானது மட்டும் நடக்கல.

இதுக்கும் மேல ஒண்ணு. 2016 அக்டோபர்ல உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிஞ்சுது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ல. ராஜபாளையத்துல 42 வார்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்ல 33 வார்டு. 75 வார்டுக்கும் அஞ்சு வருஷத்துக்கு மேல கவுன்சிலரே கிடையாது. சாக்கடை அடைச்சா, தெருவிளக்கு எரியலன்னா, போய்ச் சண்டை போட நாம தேர்ந்தெடுத்த ஒரு ஆள் இல்ல. 2011 கணக்குப்படி ராஜபாளையத்துல மட்டும் 1.3 லட்சம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூர்ல 75 ஆயிரம் பேர். உள்ளூர் அரசியலே அஞ்சு வருஷம் காணாம போச்சு, அதுக்காக யாரும் ஊரைக் காலி பண்ணல. வசதி இருந்தவங்க போர் போட்டாங்க, வண்டித் தண்ணி வாங்கினாங்க. இல்லாதவங்க குடத்தோட நின்னாங்க.

அப்போ பதில் சுலபம்னு தோணும். அரசியல் மாறுறதால நம்ம ஆளுங்க ஊர் மாறுறதில்ல. கட்டுரையை இங்கயே முடிச்சிடலாம். ஆனா அது பாதி உண்மைதான்.

அரசியல் வாசல் வரைக்கும் வந்தப்போ

மாவட்டத்தின் பேர் 1997ல மாறுச்சுனு மேல சொன்னேன். அது சும்மா மாறல. அந்த வருஷம் விருதுநகரை மையமா வைச்சு ஒரு புதுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை அரசு வைச்சது. கட்டபொம்மனின் படைத்தளபதி, தேவேந்திரகுல வேளாளர். அந்தப் பேர் எழுதின பஸ்ஸுல ஏற மாட்டோம்னு ஆதிக்கச் சாதியினர்கிட்ட இருந்து எதிர்ப்பு வந்துச்சு. பஸ் மேல கல் விழுந்துச்சு. நம்ம ரெண்டு ஊரைச் சுத்தி உள்ள கிராமங்கள்லயும் தென் மாவட்டங்கள் பலதிலயும் கலவரம் பரவுச்சு. வீடுகள் எரிஞ்சுது, உயிர்கள் போச்சு. கடைசியில அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்கள்ல இருந்தும், எல்லா மாவட்டங்கள்ல இருந்தும் தலைவர்கள் பேரை எடுத்துருச்சு. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான். உங்க ஊர் பஸ்ஸுல இன்னைக்கு எந்தத் தலைவர் பேரும் இல்லாததுக்கும் அதுதான் காரணம்.

நீங்களும் நானும் அப்ப பிறக்கவே இல்ல. ஆனா அந்த மாதிரி நேரத்துல ஊரை விட்டுப் போனவங்க உண்டு. அவங்களை நகர்த்தினது எந்தக் கட்சி ஜெயிச்சதுங்கிறது இல்ல. ராத்திரி கதவைத் தாழ் போட்டுட்டுத் தூங்க முடியுமாங்கிறது.

இன்னைக்கும் அது வேற வடிவத்துல இருக்கு. வாடகைக்கு வீடு கேட்டுப் போனா எந்தக் கட்சின்னு யாரும் கேக்கிறதில்லைன்னு சொன்னேன்ல? வேற ஒண்ணு கேப்பாங்க. "தம்பி, நீங்க என்ன ஆளுங்க?" அமெரிக்காக்காரன் கட்சி பார்த்துக் குடியேறுறானானு நாம ஆச்சரியமா படிக்கிறோம். இங்க தெருவே ஏற்கெனவே பிரிச்சு வைச்சிருக்கு. எந்தத் தெருவுல எந்த ஆளுங்கன்னு போஸ்ட்மேனைக் கேக்க வேண்டாம், சின்னப் பையனே சொல்லிருவான். சாதி மாறிக் கல்யாணம் பண்ணின ஜோடி எங்க போகுது? திருப்பூருக்கு, கோயம்புத்தூருக்கு, சென்னைக்கு. கேட்டா "வேலைக்காகப் போனோம்"னு சொல்லுவாங்க. அது வேலைக்காகப் போனதா?

இன்னொரு கூட்டம் நம்ம ஊர்ப் பக்கத்துலயே இருக்கு. மொட்டமலையில இலங்கைத் தமிழர் முகாம். 1983க்கு அப்புறம் அரசியல் ஆளை எப்படித் துரத்தும்னு நேர்ல பார்த்த குடும்பங்கள். அதுக்கும் முன்னாடி, 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா எடுத்துக்கும்னு ரெண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டாங்க. தேயிலைத் தோட்டத்துல நாலு தலைமுறையா இருந்தவங்களுக்கு, போகணுமா வேண்டாமானு தீர்மானிச்சது ஒரு காகிதம். முகாம்ல பிறந்து வளர்ந்த, நம்ம வயசுப் பசங்கள்ல பல பேருக்கு இன்னைக்கு வரைக்கும் குடியுரிமை இல்ல. குடியுரிமை இல்லன்னா ஓட்டும் இல்ல. இதை மனசுல வைச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும்.

"வேலைக்குப் போறேன்"

இப்ப நம்ம கதைக்கு வருவோம். ஃபைனல் இயர். ஆஃபர் லெட்டர் வந்தவங்க இருக்காங்க, வரப் போறவங்க இருக்காங்க. எனக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி. என் ரூம்மேட்டுக்கு பெங்களூரு. எங்க கிளாஸ்ல சொந்த ஊர்லயே வேலைக்குச் சேரப் போறவங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். "ஏன் போறே?"னு கேட்டா எல்லாரும் சொல்றது ஒரே பதில்: "ஊர்ல என்ன இருக்கு?"

ஊர்ல ஒண்ணும் இல்லாம இல்ல. ராஜபாளையம் மில்ஸ் 1936ல தொடங்கினது, அதுக்கப்புறம் எத்தனையோ நூற்பாலைகள். சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்றாங்க. நாட்டுல எங்கயோ ஒரு ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டா அந்தத் துணி எங்க பக்கத்துல நெஞ்சதா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா 1996க்கு அப்புறம் கார் கம்பெனி வந்தது இருங்காட்டுக்கோட்டைக்கு, அதுக்குப் பின்னாடியே உதிரி பாகக் கம்பெனிகள் வந்தது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும். துறைமுகம் பக்கத்துல, நிலம் தயாரா, கரண்ட் தயாரா, சலுகை தயாரா இருந்துச்சு. இதுல துறைமுகத்தைத் தவிர மத்த எல்லாம் அரசாங்கம் எடுத்த முடிவு. அதாவது அரசியல். 2023ல விருதுநகர் பக்கம் ஈ.குமாரலிங்கபுரத்துல 1,052 ஏக்கர்ல பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கானு அறிவிச்சாங்களே, அதுவும் அரசியல்தான். அது நமக்கு அப்புறம் வர்ற பேட்சுக்கு ஊர்ப் பக்கத்துலயே வேலை தருமா, அறிவிப்பாவே இருக்குமா? அதைக் கேட்டுக்கிட்டே இருக்க ஊர்ல ஆள் வேணும்.

பிரச்சினை அங்கதான். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970ல ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஒரு இடம் சரியில்லன்னா மனுஷன் ரெண்டு வேலையில ஒண்ணைச் செய்வான், வெளியேறுவான் அல்லது குரல் கொடுப்பான்னு சொன்னார். அவர் கொடுத்த உதாரணம் நைஜீரியா ரயில்வே. ரயில் மோசமா ஓடுச்சு. லாரி வசதி வந்ததும், சத்தம் போடக்கூடிய பெரிய வாடிக்கையாளர்கள் எல்லாம் லாரிக்கு மாறிட்டாங்க. கேள்வி கேக்க ஆள் இல்லாததால ரயில் அதே மாதிரி மோசமாவே ஓடிட்டு இருந்துச்சு.

நம்ம ஊரை அந்த ரயிலா நினைச்சுப் பாருங்க. ஆங்கிலத்துல மெயில் அனுப்பத் தெரிஞ்சவன், தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனுப் போடத் தெரிஞ்சவன், டெண்டர்ல என்ன எழுதியிருக்குனு படிச்சுப் புரிஞ்சுக்கிறவன், சிவில் படிச்சிட்டு பாதாள சாக்கடைப் பள்ளம் ஏன் மூடலன்னு டெக்னிக்கலா கேக்கக்கூடியவன், எல்லாரும் ஞாயித்துக்கிழமை ராத்திரி சென்னை பஸ்ஸுல ஏறிடுறோம். தீபாவளிக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கி, "நம்ம ஊர் ரோடு மாறவே மாறாதுடா"னு ஸ்டேட்டஸ் போட்டுட்டுத் திரும்பிப் போறோம்.

அதனால கேள்வியையே திருப்பிப் போடணும்னு நினைக்கிறேன். அரசியல் மாறுறதால நாம ஊர் மாறல. நாம ஊர் மாறுறதாலதான் அரசியல் மாறுது.

இது வெறும் பேச்சு இல்ல, கணக்கு. 2008 மறுசீரமைப்புல தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் மொத்த இடம் 234 அப்படியேதான் இருந்துச்சு. ஆனா சென்னைக்கு 14 இருந்தது 16 ஆச்சு. ஆள் சேர்ந்த இடத்துக்கு எம்.எல்.ஏ கூடும், ஆள் குறைஞ்ச இடத்துக்குத் தொகுதி கரையும். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027ல. அதுக்கு அப்புறம் மறுபடி கோடு போடுவாங்க. தமிழ்நாட்டுக்கு எம்.பி குறையுமானு நாம எல்லாரும் கோபமா பேசுறோம், பேசணும். அதே நேரம் தமிழ்நாட்டுக்குள்ளயே தெற்குல இருந்து வடக்குக்கு எத்தனை குரல் நகருதுங்கிற கணக்குல நம்ம ஆஃபர் லெட்டரும் சேர்த்திதான்.

"நீ இங்க இருக்கியா, அங்க இருக்கியா?"

2025 நவம்பர்ல எஸ்.ஐ.ஆர் படிவம் வீட்டுக்கு வந்துச்சு. என் பேர், போட்டோ எல்லாம் போட்டு. பி.எல்.ஓ அக்கா கேட்டாங்களாம், "பையன் இங்க இருக்காரா?" அம்மா உடனே எனக்கு போன் போட்டாங்க. "நீ இங்க இருக்கியா, அங்க இருக்கியாடா? என்ன எழுத?"

ரொம்ப சின்னக் கேள்வி. எனக்கு ரெண்டு நிமிஷம் பதில் வரல. நாலு வருஷமா சோறு தின்றது ஹாஸ்டல் மெஸ்ல. ஆனா வீடுன்னா ராஜபாளையம்தான். "இங்கன்னே எழுதும்மா"னு சொன்னேன். அம்மா எனக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க.

சட்டம் என்ன சொல்லுதுனு அப்புறம் தேடிப் படிச்சேன். 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, நீங்க வழக்கமா எங்க குடியிருக்கீங்களோ அங்கதான் ஓட்டு. ஊர்ல சொந்த வீடு இருக்குங்கிறது மட்டும் போதாது. அதே நேரம், தற்காலிகமா வெளியில இருந்தா அதனாலேயே ஓட்டு போயிடாது. ஹாஸ்டல் மாணவர்களுக்குத் தேர்தல் ஆணையம் ரெண்டு வழியும் கொடுக்குது: அப்பா அம்மா இருக்கிற முகவரியிலயும் பதியலாம், காலேஜ்ல சான்றிதழ் வாங்கி ஹாஸ்டல் முகவரியிலயும் பதியலாம். ரெண்டுலயும் பதியக் கூடாது. அது குற்றம்.

டிசம்பர் 19 அன்னைக்கு வரைவுப் பட்டியல் வந்தப்போ தமிழ்நாட்டுல சுமார் 97 லட்சம் பேர் நீக்கப்பட்டிருந்தாங்க. அதுல 66 லட்சத்துக்கும் மேல, இடம் மாறினவங்க அல்லது முகவரியில இல்லாதவங்கன்னு குறிக்கப்பட்டவங்க. இந்த நடைமுறை சரியா தப்பாங்கிறது தனி விவாதம், அதுல கோபப்பட நிறைய இருக்கு. நான் அந்த எண்ணிக்கையில பார்க்கிறது வேற. "அரசியலால யாரு ஊர் மாறுறாங்க?"னு சிரிச்சிட்டு ஆரம்பிச்சோம். இடம் பெயர்ந்தவங்க இத்தனை லட்சம் பேர் இருக்காங்க. அவங்கள்ல எத்தனையோ பேரோட ஓட்டு பழைய ஊர்லயும் இல்லாம, புது ஊர்லயும் இல்லாம நடுவழியில நிக்குது.

நம்ம சீனியர்களையே பாருங்க. வேளச்சேரியிலயோ சோழிங்கநல்லூர்லயோ ரூம் எடுத்து ஆறு வருஷம் ஆச்சு. அந்த வார்டு கவுன்சிலர் பேரு தெரியாது. மழை வந்தா முட்டளவு தண்ணியில நிப்பாங்க, ட்வீட் போடுவாங்க. ஓட்டு ஊர்ல இருக்கு. ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்கல, லீவு கிடைக்கல. இங்க கேக்க உரிமை எடுத்துக்கல, அங்க கேக்க ஆளே இல்ல. எந்த எம்.எல்.ஏ.வும் பயப்படத் தேவையில்லாத வாக்காளர் இவர்தான்.

சரி, என்ன பண்ணச் சொல்றே?

"எல்லாரும் ஊர்லயே இருங்க"னு நான் சொல்லப் போறதில்ல. நானே கிளம்புறேன். எஜுகேஷன் லோன் இருக்கு, தங்கச்சி படிக்கணும். கிளம்புறவங்களைத் துரோகின்னு சொல்றது ரொம்ப சுலபம். தவிர, சில பேருக்கு ஊரை விட்டுப் போறதுதான் விடுதலை. "என்ன ஆளுங்க?"னு கேக்காத ஒரு அபார்ட்மெண்ட் கதவுக்காகவே கிளம்புறவங்ககிட்ட போய் மண் பாசம் பேச எனக்கு வாய் வராது.

நான் சொல்றது, ஊர் மாறும்போது அதையும் ஒரு அரசியல் முடிவுனு தெரிஞ்சே எடுங்க. மூணு விஷயம்.

ஒண்ணு, இந்தத் தேர்தல்ல உங்க பேர் எங்க இருக்குனு இன்னைக்கே பாருங்க. விட்டுப் போயிருந்தா படிவம் 6. இப்ப ஹாஸ்டல்ல இருந்து ஊர் முகவரியில ஓட்டு வைச்சிருந்தா, ஓட்டு நாளைக்கு ஊருக்குப் போய்ச் சேர இப்பவே வழி பாருங்க. தட்கல்ல கிடைக்கும்னு நம்பாதீங்க.

ரெண்டு, வேலைக்குப் போய் ஒரு இடத்துல நிலையா உக்காந்துட்டா, படிவம் 8 போட்டு ஓட்டை அங்க மாத்துங்க. எனக்கும் இது கஷ்டம்தான். ராஜபாளையம் பட்டியல்ல இருந்து என் பேரை நானே எடுக்கச் சொல்றது, ரேஷன் கார்டுல இருந்து பேர் வெட்டுற மாதிரி இருக்கும். ஆனா நான் குடிக்கிற தண்ணி எந்த ஊர்த் தண்ணியோ, அந்த ஊர்க் கவுன்சிலர்கிட்டதான் நான் சண்டை போட முடியும். வருஷத்துக்கு நாலு நாள் வர்றவன் ராஜபாளையத்துத் தண்ணிக்கு என்ன முடிவு எடுக்க?

மூணு, ஓட்டை மாத்தினாலும் குரலை மாத்த வேண்டியதில்ல. தகவல் கேட்டு மனுப் போட வாக்காளரா இருக்கணும்னு அவசியம் இல்ல, இந்தியக் குடிமகனா இருந்தா போதும். நகராட்சி டெண்டரை ஒரகடத்துல உக்காந்தும் படிக்கலாம். ஊர்ல இருக்கிற தம்பி தங்கச்சிங்க, அத்தை மாமாங்களுக்கு அதைத் தமிழ்ல எழுதி அனுப்பலாம். எங்க தெருவுல வாட்ஸ்அப் குரூப் இருக்கு. இப்போதைக்கு அதுல குட்மார்னிங்கும் ரோஜாப்பூவும்தான் வருது. மில்லுல ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்ற மாமா ஒருத்தர் மட்டும் தெருவிளக்கு எரியாத கம்பத்தை போட்டோ எடுத்துப் போட்டுக்கிட்டே இருப்பார். யாரும் பதில் போடுறதில்ல. அவர் ஊரை விட்டுப் போகாதவர். போக முடியாதவரும்கூட. வெளியேறின நம்மளால அவர் குரல் பலவீனமாகக் கூடாது, அவ்வளவுதான் நான் கேக்கிறது.

மொட்டமலை முகாமை மனசுல வைச்சுக்கங்கன்னு சொன்னேன். அங்க நம்ம வயசுல ஒருத்தர் நம்ம பக்கத்து பெஞ்சுல உக்காந்து டிகிரி முடிச்சிருக்கலாம். எந்த ஊர்ல பதியுறதுங்கிற குழப்பம் அவருக்குக் கிடையாது, ஏன்னா எந்த ஊர்லயும் பதிய முடியாது. நமக்கு ரெண்டு ஊர்ல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற வசதி இருக்கு. அதை ரெண்டு ஊர்லயும் வீணாக்காம இருப்போம்.

நேத்து அந்த மாமா இன்னொரு கம்பத்தை போட்டோ போட்டிருந்தார். இந்தத் தடவை கம்பத்தோட நம்பர் தெளிவா தெரியுது. இந்தக் கட்டுரையை அனுப்பிட்டு, அந்த நம்பரைக் குறிப்பிட்டு நகராட்சிக்கு ஒரு புகார் எழுதப் போறேன். நீங்களும் உங்க தெரு குரூப்பை ஒரு தடவை மேல தள்ளிப் பாருங்க. பதில் வராத போட்டோ ஒண்ணு கட்டாயம் இருக்கும்.